டேப் ஒட்டிய மைக்ராஸ்கோப்

வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாளாம். டாக்டருக்குப் படித்து முடித்து, பெயருக்குப் பின்னால் பட்டம் வந்து, வயதானவர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்லும் அளவுக்கு ஆன பிறகும் உருவம் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. முகம் இன்னும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். மூக்குக் கண்ணாடி வாங்கப் போனால் குழந்தைகள் பகுதிக்குத்தான் அனுப்புவார்கள்.

இந்தக் கொசுவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. கண் மருத்துவத்தில் மேற்படிப்பு. கண்ணென்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவரின் இமை சற்றுத் தொங்கினால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. டார்ச்சை எடுத்தாளென்றால் அப்பா செய்தித்தாளோடு மாடிக்கு ஓடிவிடுவார்.

எழுத்துத் தேர்வில் நல்ல இடம் வந்துவிட்டது. அவள் கனவு கண்ட கண் ஆஸ்பத்திரி நேரில் வரச் சொல்லி அழைப்பும் அனுப்பிவிட்டது. அங்கே மீதி இருப்பது ஒரே இடம். அதற்குக் கைத்திறன் தேர்வு ஒன்று உண்டு. மைக்ராஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய நூலால், ரப்பர் துண்டில் தையல் போட்டு முடிச்சிட வேண்டும். அழைப்பின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் காணும் பார்வை கட்டாயம். அந்த வரியை அவள் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கா இல்லை, இரண்டு கண்ணும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது? அதற்குத்தான் அத்தான் இருந்தார். அக்காவின் கணவர், தெருமுனையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். உடம்பும் பெரிது, முகமும் பெரிது, குரலும் பெரிது. அவர் கடையின் மகாராணி ஒரு மைக்ராஸ்கோப். இரண்டு கண்ணாலும் பார்க்கும் வகை. எறும்பின் கால் அளவுள்ள பாகங்களை அதற்கடியில் வைத்துத்தான் அவர் பற்றவைப்பார். பார்க்கும் குழாய்கள் இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்ததால், தன் கண்ணுக்குச் சரியாக வைத்து மேலே கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். அக்காகூட அதைத் தூசு தட்டக் கூடாது. அப்படி ஒரு சட்டம்.

கொசு போய்க் கேட்டதும் அத்தான் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம் வீட்டுப் பெண் நம் கடையில் படித்துக் கண் டாக்டராகப் போகிறாள் என்றால் சும்மாவா? காலையில் கடை திறப்பதற்கு முன்னால் சாவியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

“டாக்டரம்மா, எதை வேணா எடு, எதை வேணா உடை. அந்த டேப்ல மட்டும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

மறுநாள் காலை பழைய போன் மூடியின் மேல் கையுறைத் துண்டு ஒன்றை ஒட்டி, தான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில் காலாவதியான நூலும் ஊசியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. குனிந்து கண்ணை வைத்தாள். இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் பாதி இருட்டு. தலையை இப்படித் திருப்பினால் அந்த வட்டம் போய் இந்த வட்டம் வந்தது. சரி, பழகப் பழக வந்துவிடும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். கல்லூரியில் அவள் பார்த்ததெல்லாம் ஒற்றைக் குழாய் வைத்த பழைய மைக்ராஸ்கோப். ஒரு கண்ணை மூடுவது கைவந்த கலை.

ஆனால் ஊசி இருக்கிறதே, அது ஒத்துழைக்கவில்லை. ரப்பரைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து அழுத்தினால் அது அந்தரத்தில் நிற்கும். இன்னும் தூரம் இருக்கிறது என்று இறக்கினால் குத்திக் கிழித்துவிடும். நூலைப் பிடிக்கப் போனால் இடுக்கி காற்றைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு வாரம் போனது. கையுறைத் துண்டுகள் கந்தலாகிக் குப்பைக்குப் போயின. முடிச்சு மட்டும் விழவில்லை.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தான் பூசணி. கூடப் படித்தவன். நல்ல பையன்தான். முகம் அவ்வளவு பெரிதாக இருந்தால் நண்பர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனும் அத்தானும் முகத்தை மாற்றிக்கொண்டால் கழுத்துக்கே வித்தியாசம் தெரியாது. அவனுக்கும் அதே ஆஸ்பத்திரியில் அதே ஒரே இடத்துக்கு அழைப்பு வந்திருந்தது. போட்டி என்று தெரிந்தும், ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று அவன் கேட்டபோது அவளுக்கு மறுக்க வாய் வரவில்லை.

உட்கார்ந்தான். கண்ணை வைத்தான். முதல் தடவையிலேயே ஊசி போன இடம் தெரியாமல் போய், வந்த இடம் தெரியாமல் வந்தது. முடிச்சு விழுந்தது. இரண்டாவது அதைவிட அழகு. கொசு மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடா, உனக்கு ஒண்ணாத் தெரியுதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஒரே வட்டமாத் தெரியுது, சினிமா மாதிரி. ஏன், உனக்கு?”

“எனக்கும்தான்,” என்றாள். பச்சைப் பொய்.

அன்றைக்குத்தான் அந்தக் கடைசி வரி அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் காணும் பார்வை. அது தனக்கு இல்லையோ? இல்லையென்றால் முடிச்சு விழாதது இருக்கட்டும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த ஆஸ்பத்திரி மட்டுமல்ல, எந்தக் கண் ஆஸ்பத்திரியின் அறுவை அறைக்குள்ளும் அவளுக்கு இடமில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. தன் மேல் சந்தேகம் வந்துவிட்டால் புத்தகத்தில் இருப்பதெல்லாம் தனக்கு இருப்பதாகவே தோன்றும். கொசுவுக்கு அது முற்றிப்போனது. சின்ன வயதில் பந்து பிடிக்கத் தெரியாதே, அது இதனால்தானோ? நேற்று டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினோமே, அதுவும் இதுதானோ? பழைய ஆல்பத்தை எடுத்து ஒரு குழந்தைப் படத்தில் தன் இடது கண் மூக்கைப் பார்ப்பதாகக் கண்டுபிடித்து, அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினாள். குழந்தையில் எனக்கு மாறுகண் இருந்ததா என்று கேட்டதுதான் தாமதம், அம்மா பிடித்துக்கொண்டாள். தன் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கு மாறுகண்ணா, யார் சொன்னது, எந்த நாக்கு சொன்னது என்று ஆரம்பித்து, அந்தப் படத்தில் அவள் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்ற வரலாற்றையும் சொல்லி முடித்தாள். அக்கா ஒரு பக்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவள் தன் கண்ணை ஒரு நாளாவது காட்டியிருக்கிறாளா? இருக்கிறதா இல்லையா, இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்று பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரிக்கே கிளம்பினாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, கண் பிரிவில் எல்லோரோடும் வரிசையில் நின்றாள். பார்வை சோதிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்து, டாக்டர் நீங்களா, உள்ளே வரக் கூடாதா என்று பதறினாள். வேண்டாம், நான் இன்றைக்கு நோயாளி என்றாள் கொசு.

கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, ஒரு தடிமனான அட்டையை முன்னால் வைத்தார்கள். அதில் ஒரு பெரிய ஈயின் படம். ஆழம் தெரிகிறவர்களுக்கு அந்த ஈயின் சிறகு அட்டையைவிட்டு எழுந்து நிற்கும், தெரியாதவர்களுக்கு அது வெறும் படம். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடம் இருந்து என்ன, மூடிய கண்ணைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

“சிறகைப் பிடிங்க டாக்டர்.”

திறந்தாள். ஐயோ, அந்த ஈ! அட்டையைவிட்டு எழும்பி, இப்போது பறக்கட்டுமா என்று கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தது. அவள் விரல்கள் அட்டைக்கு மேலே வெறும் காற்றில் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அருவருப்பாக இருந்தது. அதைவிட அழகான ஈயை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதே அட்டையில் வரிசை வரிசையாக இருந்த வட்டங்களில் எது எழுந்து நிற்கிறது என்பதையும் கடைசிவரை சரியாகச் சொன்னாள். அந்தப் பெண் அட்டையை மூடிவிட்டு, உங்களுக்கு இருப்பது எனக்குக்கூட இல்லை டாக்டர் என்றாள்.

கண் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு எங்கே? ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நாலு படி இறங்கியவள் அப்படியே நின்றாள். பூசணியின் முகம் நினைவுக்கு வந்தது. அத்தானின் முகம் நினைவுக்கு வந்தது. குழந்தைகள் பகுதியில் வாங்கிய தன் கண்ணாடி நினைவுக்கு வந்தது. ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் நடுவில் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும் என்று கேள்வித்தாளில் வந்திருந்தால் தூக்கத்தில்கூட விடை எழுதியிருப்பாள். கேள்வித்தாளில்தான் வரவில்லையே. அத்தான் கண்ணுக்கு அகட்டி வைத்த குழாயில், டேப்பைத் தொடக் கூடாது என்ற ஒரே வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, இத்தனை நாளும் ஒற்றைக் கண்ணால் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மடச்சி, மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

கடையில் அத்தான் வாடிக்கையாளர் ஒருவரிடம் தண்ணீரில் விழுந்த போனைப் பற்றித் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே உள்ளே போனாள். டேப்பைப் பிரித்தாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு குழாயையும் நெருக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தாள். இரண்டு வட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, தொட்டு, ஒரே வட்டமாகின. பழைய கையுறைத் துண்டு அடியில் அப்படியே கிடந்தது. அதில் அறுந்து நின்ற நூல் ரப்பரைவிட்டு எழுந்து நின்றது. அதன் நிழல்கூடத் தெரிந்தது. இடுக்கியை நீட்டினாள், நூல் கையோடு வந்தது.

அத்தான் வந்து போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் எழுந்து நாற்காலியைக் காட்டினாள். உறுமிக்கொண்டே உட்கார்ந்து கண்ணை வைத்தவர், ஒன்றும் தெரியவில்லை, பாதி இருட்டாக இருக்கிறது, இனி கடையை எப்படி நடத்துவேன் என்று கத்தினார்.

“இதைத்தான் அத்தான் நான் இத்தனை நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் நிமிர்ந்தார். கோபம் இறங்கி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சொல்ல வேண்டியதுதானே?”

“தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“தொடாதேன்னுதான் சொன்னேன். கேக்காதேன்னா சொன்னேன்?”

அத்தான் டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து அவள் எழுந்து போன பிறகு தானே திருகி வைத்துக்கொள்வார், கொஞ்சம் முணுமுணுப்போடு.

அடடா, அதற்குப் பிறகு அவள் கை என்ன போடு போட்டது! முடிச்சு மேல் முடிச்சாக விழுந்தது. நூல் தீர்ந்தால் அக்காவின் தலைமுடியை வாங்கித் தைத்தாள். பல் துலக்கும்போதும் விரல்கள் முடிச்சிட்டன. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பூசணியிடம் சொல்லவில்லை. அவனுக்குத்தான் பயிற்சி தேவைப்படவில்லையே, இரண்டாம் நாளோடு வருவதை நிறுத்திவிட்டானே, அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனம் கேட்டபோது காதில் வாங்காதவள்போல இருந்துவிட்டாள்.

தேர்வு நாள் வந்தது. நீளமான நடைபாதையில் நாற்காலிகள், எல்லா முகத்திலும் ஈயாடவில்லை. பூசணி மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே போய்வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி இருந்தார்கள். பூசணிக்கு முன்னால் போன பெண் கதவைத் திறந்து வெளியே வந்தாள். கொசுவைவிடச் சின்ன முகம். இப்படியும் ஒரு முகம் இருக்குமா என்று கொசுவே வியந்துபோனாள். அடுத்த கணம் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே மைக்ராஸ்கோப் இப்போது அந்த முகத்துக்கு நெருக்கி வைத்தபடி இருக்கும். பூசணி வாழ்க்கையில் ஒரு குழாயையும் திருகியதில்லை. அத்தான் கடையில் அவனுக்காகவே வைத்ததுபோல் அமைந்திருந்த ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்ததோடு சரி.

அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒரே இடம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். அவளுக்கு அந்தக் கந்தல் கையுறைகள் நினைவுக்கு வந்தன, குளியலறைக் குழாய் நினைவுக்கு வந்தது. பாய்ந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“உக்காந்ததும் முதல்ல ரெண்டு குழாயையும் விரிச்சு உன் கண்ணுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோ. ஒரே வட்டமாத் தெரியறவரைக்கும் ஊசியைத் தொடாதே.”

அவன் திருதிருவென்று விழித்தான். கதவு மூடிக்கொண்டது.

அவன் வெளியே வரும்போது இவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், பேச நேரமில்லை. உள்ளே ஒரு பெரிய மைக்ராஸ்கோப், அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை மருத்துவர், நரைத்த முடியும் கூரிய பார்வையும் உள்ள அம்மையார். கொசு உட்கார்ந்தாள். குழாய்கள் பூசணி முகத்துக்கு அகன்று நின்றன. அவள் கை யோசிக்காமல் அங்கே போய் நெருக்கியது. வட்டங்கள் சேர்ந்தன. பிறகு என்ன, ஊசி அவள் சொன்னபடி கேட்டது. கடைசி முடிச்சை இறுக்கி நூலை வெட்டும்போது, இன்னும் ஒன்று போடச் சொல்ல மாட்டார்களா என்றுகூட இருந்தது.

தலைமை மருத்துவர் தையலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“முன்னாடி போனவருக்குக் குழாயைச் சரிபண்ணச் சொன்னது நீங்கதானாமே?”

தேர்வில் பார்ப்பதே இதைத்தானா? சொல்லிக் கொடுத்தது குற்றமா? எல்லாம் போயிற்று என்று கொசு நினைத்தாள்.

“அவரே சொன்னார். இது உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு அவரைக் கேட்டோம். எனக்கு அடுத்து வரப்போற பொண்ணு சொன்னா, எனக்கு இது தெரியாதுன்னார். நீங்க ஏன் சொன்னீங்க? இருக்கறது ஒரே இடம்.”

கொசு மைக்ராஸ்கோப்பிலிருந்து கையை எடுத்தாள். தயார் செய்து வந்த பதில்கள் எதுவும் இதற்கு ஒத்துவரவில்லை.

“சொல்லலேன்னா அவன் கையிலதான் தப்புன்னு நினைச்சுக்குவான் மேடம். நான் அப்படி நினைச்சு அழுதிருக்கேன். கையில ஒண்ணும் இல்ல, குழாய்லதான் தப்பு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போய் வெளியே உட்காருங்கள் என்றார் தலைமை மருத்துவர்.

முடிவை மதியத்துக்குப் பிறகு அந்த அம்மையாரே வந்து சொன்னார். கொசுவின் எண்ணைச் சொன்னபோது அவள், அது யாருடைய எண் என்று பக்கத்திலிருந்த பூசணியைக் கேட்டாள். உன்னுடையதுதான் என்று அவன் அவளை உலுக்கினான். காத்திருப்போரில் முதல் ஆள் அவன். அவன் முகம் ஒரு நிமிடம் தொங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

“அடுத்த வாரம் எனக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில தேர்வு இருக்கு. உங்க அத்தான் கடையைத் திறந்து விடுவாராடி?”

“கால்ல விழுந்தாவது கேக்கறேன்டா,” என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தெருமுனையில் பேருந்திலிருந்து குதித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு ஓடினாள். அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். டேப் இருந்த இடத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள், அக்காவின் நகச்சாயம். அகலமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று.

“அது எனக்கு, இது உனக்கு. நீ காலையில கிளம்பிப் போனதும் போட்டேன்.”

“முடிவு தெரியறதுக்கு முன்னாடியேவா? கிடைக்காம போயிருந்தா?”

“கிடைக்கலேன்னா மறுபடி இங்கதானே வந்து உக்காருவ. உன் கண்ணுக்கு எங்க வைக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?”

கொசு அந்த நெருக்கமான கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். சாயம் காய்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பூசணி வருவான், அவனுக்கும் ஒரு கோடு போட வேண்டும் என்றாள்.

“அந்த மூஞ்சிக்கு என் கோடே போதும்,” என்றார் அத்தான்.